மல்லூர் வரைக்கும் ஒரு லைன்

சேலத்துக்கு மெட்ரோ ரயில் வரப்போகிறது என்று பேப்பரில் வந்த அன்றைக்கு மல்லூரில் ஒருவரும் அதை நம்பவில்லை. பேப்பரில் போட்டிருந்த படத்தில் மூன்று கோடுகள் இருந்தன. பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து மேற்கே ஜங்ஷன் பக்கம் ஒன்று, வடக்கே கருப்பூர் பக்கம் ஒன்று, தெற்கே குகை, தாதகாபட்டி, சீலநாயக்கன்பட்டி வழியாக மல்லூர் வரைக்கும் ஒன்று. தெற்குக் கோட்டின் கடைசிப் புள்ளியில் ஊர்ப்பெயரை அச்சடித்திருந்தார்கள். விபத்துச் செய்தியில் மட்டுமே தன் பெயரைப் பார்த்துப் பழகிய ஊர் அது. டீக்கடையில் அந்தப் பேப்பர் சாயங்காலம்வரை கை மாறிக்கொண்டே இருந்தது. ஆனாலும் சிரித்தார்கள்.

ஆறு மாதத்தில் சிரிப்பு நின்றது. மஞ்சள் சட்டை போட்ட ஆட்கள் ரோட்டோரம் மூன்றுகால் கருவியை நிறுத்தி ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்கள். பிறகு திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி ஒன்று வந்து, தண்ணீருக்கு அல்லாமல் மண்ணுக்காகவே குழி போட்டது. முப்பதடிக்குள் பாறை தட்டியதும், "தூண் நிக்கறதுக்கு இதைவிட நல்ல எடம் கெடைக்காதுங்க" என்று ரிக்காரர் சொன்னது ஊர் முழுக்கப் பரவியது. பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் கோகுல்ராஜ் புதிதாகத் திறந்த கடைக்கு மெட்ரோ பேக்கரி என்று பெயர் வைத்தான். ஸ்டேஷன் எந்தப் பக்கம் வரும், ஏணிப்படி யார் வீட்டு முன்னால் இறங்கும் என்று ஆட்கள் சண்டை போட ஆரம்பித்தார்கள். ஒரு ஊர் ஒன்றை நம்ப ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அதைவிட வேறு அடையாளம் வேண்டியதில்லை.

நர்மதா நம்பியது இன்னும் கொஞ்சம் ஆழமாக. அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. பிறந்தது ராசிபுரம். அப்பா சுவாமிநாதன் அங்கே கடைவீதியில் சின்னதாக ஒரு சேலைக்கடை வைத்திருந்தார். ஒற்றைப் பெண்ணைச் சேலத்தில் புள்ளியியல் படிக்க வைத்தார். அது என்ன படிப்பு என்று கேட்டவர்களுக்கெல்லாம், "எதை எண்ணினாலும் அதுல ஒரு நாயம் இருக்கும், அதைக் கண்டுபிடிக்கற படிப்புங்க" என்று பெருமையாகச் சொல்வார். கல்யாணமாகி மல்லூருக்கு வந்த நாலாம் வருஷம் நர்மதாவின் கணவன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். குழந்தை இல்லை. அப்பா கடையை மூடிவிட்டு மகளோடு வந்து தங்கினார். நர்மதா மல்லூர் மெயின்ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். படித்த படிப்புக்கு அந்தப் பத்து வருஷத்தில் ஒரு நாளும் வேலை வந்ததில்லை.

அப்படி இருக்கும்போதுதான் பயணிகளை எண்ணுவதற்கு ஆள் தேடி ஒரு வெளியூர்க் கம்பெனி வந்தது. லைன் போடுவதா வேண்டாமா என்று அறிக்கை எழுதும் கம்பெனி. அதன் சேலம் ஆபீஸில் ஈஸ்வர் என்ற இன்ஜினியர் இருந்தான். சங்ககிரிப் பக்கத்தில் நிலபுலன் உள்ள பண்ணாடி வீட்டுப் பையன். நர்மதாவின் சான்றிதழைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான்.

"ஸ்டாடிஸ்டிக்ஸுங்களா? எங்க ஆளுங்க எல்லாம் பஸ்ஸு எண்ணறதுக்கே வெரலை மடக்கிட்டு இருக்கறாங்க. சீலநாயக்கன்பட்டி பாயிண்ட்டை நீங்க எடுத்துக்கங்க மேடம். தெக்கு லைனுக்கு அதுதான் கழுத்து. நாமக்கல்லு, ராசிபுரம், மல்லூரு, எந்த பஸ்ஸும் அதைத் தாண்டித்தான் போவோணும்."

வேலை கேட்பதற்கு எளிதாக இருந்தது. காலை ஆறிலிருந்து ராத்திரி வரை ரோட்டோரம் உட்கார்ந்து போகிற ஒவ்வொரு பஸ்ஸையும் பார்க்க வேண்டும். எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதற்கு ஆறு எண்கள். பாதி சீட் காலி என்றால் ஒன்று. சீட் எல்லாம் நிறைந்தால் மூன்று. படிக்கட்டில் தொங்கினால் ஆறு. கால் மணி நேரத்துக்கு ஒரு கட்டம். செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாள். ஈஸ்வர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்: "நடுவுல ஒரு மணி நேரம் உட்டுப்போனாலும் மூணு நாளும் வீணுங்க. மொத்தத்தையும் மறுபடி எண்ணோணும். அதுக்கு மேலெடத்துல டைம் தரமாட்டாங்க."

நர்மதா முந்தின ஞாயிற்றுக்கிழமையே போய் இடம் பார்த்துவிட்டு வந்தாள். வெயில் எப்போது முகத்தில் அடிக்கும், லாரி நின்றால் எந்தப் பக்கம் மறைக்கும் என்றெல்லாம் குறித்துவைத்தாள். வீட்டில் அப்பா அவளைப் பார்த்துச் சிரித்தார். "பரீட்சைக்குப் போறவளாட்டம் இருக்கறயே சாமி" என்றார்.

நாலு வீடு தள்ளி சாலம்மாள் இருந்தாள். சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. ஐம்பதைத் தாண்டியவள். மகன் திருப்பூரில். இருபத்திரண்டு வருஷமாக மல்லூர் ஸ்டாப்பில் ஏழுமணி பஸ்ஸைப் பிடித்துச் சேலம் போய் வருகிறவள். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்று ஆனபிறகு கூட்டம் இன்னும் ஏறிவிட்டது. ஏறுவதற்கு ஒரு சண்டை, இறங்குவதற்கு ஒரு சண்டை என்று தினமும் முழங்கையைக் காட்டுவாள். ரயில் வந்தால் சீட்டில் சாய்ந்துகொண்டு ஒரு தூக்கம் போட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

"என்னையும் எழுதிக்க கண்ணு" என்றாள் நர்மதாவிடம். "நான் ஜன்னல்ல கைய நீட்டுவேன். பாத்து எழுது."

செவ்வாய்க்கிழமை ஏழேகாலுக்கு ஒரு பஸ் சீலநாயக்கன்பட்டி ரவுண்டானாவில் திரும்பியபோது கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒரு கை வெளியே வந்து ஆடியது. நர்மதாவும் கை காட்டினாள். அந்தப் பஸ்ஸுக்கு ஐந்து போட்டாள். அன்றைக்கு முழுவதும் அவள் ஒரு கட்டத்தைக்கூட விடவில்லை. சாயங்காலம் தாள்களை அடுக்கிப் பார்த்தபோது, காலையில் ஏறி, மத்தியானம் இறங்கி, மாலையில் மறுபடி ஏறும் அந்த எண்களில் ஊரே மூச்சு விடுவது தெரிந்தது. பத்து வருஷம் கழித்து அவள் படிப்பு அவளிடம் திரும்பி வந்திருந்தது.

புதன்கிழமை அவளோடு உட்கார வேண்டிய உண்ணாமலை வரவில்லை. சொந்தத்தில் ஒரு காதுகுத்து என்று ஃபோன் வந்தது. இரண்டு பக்கத்தையும் நர்மதா ஒருத்தியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மணி தாண்டிச் சில நிமிஷத்தில் மல்லூரிலிருந்து பால்காரர் கூப்பிட்டார்.

"அம்மிணி, உங்கப்பா வாசல்ல உழுந்து கெடக்கறாருங்க. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. நூத்தியெட்டுக்குச் சொல்லிட்டோம். நீங்க நேரா பெரியாஸ்பத்திரிக்கு வந்துருங்க."

அவள் எழுந்தாள். தாள்களைப் பையில் திணித்தாள். கையில் ஃபோன் இருந்தது. ஈஸ்வருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் வேறு ஆளை அனுப்பியிருப்பான், அல்லது அந்த வாரத்தையே ரத்து செய்திருப்பான். சொல்ல வேண்டும் என்று ஆட்டோவில் ஏறும்போது நினைத்தாள். மூன்று நாளும் வீணாகும் என்று அவன் சொன்னது கூடவே ஞாபகம் வந்தது. அப்பாவைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள்.

அப்பா பிழைத்தார். வலது கையும் வலது காலும் பேச்சும் போய்விட்டன. பதினொன்றரை மணிக்கு டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனபிறகு, ஆஸ்பத்திரி நடையில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் நர்மதா உட்கார்ந்தாள். காதுகுத்து முடிந்து பதினொரு மணிக்கு வந்துவிட்டதாகவும், மீதி நாளைப் பார்த்துக்கொள்வதாகவும் உண்ணாமலை ஃபோனில் சொல்லியிருந்தாள். நர்மதா பையைத் திறந்தாள். ஏழேகாலிலிருந்து பதினொன்று வரை பதினைந்து கட்டங்கள் வெள்ளையாக இருந்தன. சேலத்துக்கே அதிகக் கூட்டம் போகிற நேரம் அதுதான்.

அவள் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தாள். செவ்வாய்க்கிழமை எண்களையே அப்படியே போட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் மாற்றினாள். கூட்டிப் போட்டால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். குறைத்துப் போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஐந்தை நாலாக்கினாள். ஆறை ஐந்தாக்கினாள். சில இடத்தில் மூன்று போட்டாள். எழுதி முடிக்க இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. கை நடுங்கவே இல்லை என்பது பின்னாளில் அவளை அதிகம் வதைத்தது.

அன்று மத்தியானம் வேலை இடைவேளையில் சாலம்மாள் ஓடிவந்தாள். சுவாமிநாதனின் வாயைத் துடைத்து, தலையணையைச் சரிசெய்து, நர்ஸிடம் அதட்டி ஒரு போர்வை வாங்கிப் போட்டாள். பிறகுதான் நர்மதாவிடம் திரும்பினாள்.

"காத்தால கைய ஆட்டுனேன். உன்னைக் காணோமே?"

"அப்பத்தான் கெளம்புனேன் சாலக்கா."

"என்னை எழுதிட்டயா?"

"எழுதிட்டேன்."

"நாளைக்கி?"

"நாளைக்கி எப்பிடிப் போறது? அப்பாவை யாரு பாக்கறது?"

"நான் லீவு சொல்லிட்டு உக்காந்துக்கறேன். நீ போ. லைன் வரோணுமில்ல?"

வியாழக்கிழமை நர்மதா சீலநாயக்கன்பட்டியில் உட்கார்ந்து ஒரு பஸ்கூட விடாமல் எண்ணினாள். சாலம்மாள் பெரியாஸ்பத்திரியில் அவள் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஏழுமணி பஸ்ஸில் அன்று சாலம்மாள் இல்லை. நர்மதா மனசுக்குள் அவளையும் சேர்த்து எழுதலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். பொய்யை அடுத்தடுத்து எழுத அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு வருஷம் ஓடியது. அப்பாவைத் தூக்கி உட்காரவைப்பதும், துடைப்பதும், ஊட்டுவதும், கடைக்கு ஓடுவதுமாக அந்த வருஷம் போனதே தெரியவில்லை. ஒருநாள் காலை ஜெராக்ஸ் கடைக்கு வக்கீல் ஒருவர் பென்டிரைவ் கொண்டுவந்தார். மெட்ரோ அறிக்கை, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், இரண்டு பிரதி வேண்டும் என்றார். மெஷின் ஒவ்வொரு தாளாகத் துப்பிக்கொண்டிருந்தது. நர்மதா நின்றபடியே இங்கிலீஷில் படித்தாள். நூற்று நாற்பதாம் பக்கம் வரை படம், வரலாறு, மக்கள்தொகை. மேற்கு லைன் வரும். வடக்கு லைன் வரும். தெற்கு லைனில் எதிர்பார்க்கக்கூடிய பயணிகள் போதவில்லை. முதல் கட்டத்தில் சேர்க்கப் பரிந்துரைக்கவில்லை. கடைசியில் பின்னிணைப்பு வந்தது. சீலநாயக்கன்பட்டி, புதன்கிழமை, காலை ஏழேகால் முதல் பதினொன்று வரை. அவள் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிய பதினைந்து கட்டத்து எண்களும் கம்ப்யூட்டர் எழுத்தில் வரிசையாக இருந்தன. அச்சில் பார்க்கும்போது அவை உண்மை போலவே இருந்தன.

வக்கீல் பிரதிகளை வாங்கிக்கொண்டு போனார். நர்மதா அடுத்த ஆளின் கடிதத்தை டைப் அடிக்க உட்கார்ந்தாள்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஊர் ஒரு மாதம் புலம்பியது. மல்லூருக்கு ரயில் இல்லை என்றானதும் கோகுல்ராஜ் பேக்கரிப் பெயரை மாற்றப் போகிறேன் என்றான். பிறகு அதற்கும் சோம்பல்பட்டு அப்படியே விட்டான். மிச்சமிருந்த இரண்டு லைன்களும் அதற்கப்புறம் ஒவ்வொரு சுற்றறிக்கையிலும் மெலிந்துகொண்டே வந்தன. முதலில் பெரிய மெட்ரோ என்றார்கள். பிறகு சின்ன மெட்ரோ. பிறகு தண்டவாளமே வேண்டாம், ரப்பர் டயரில் ஓடும் என்றார்கள். பிறகு அது வெறும் பஸ்தான், ஆனால் நீளமான பஸ் என்றார்கள். நர்மதா ஒவ்வொரு செய்தியையும் கத்தரித்து வைத்தாள். தெற்கு லைன் இருந்திருந்தால் மூன்றும் சேர்ந்து நின்றிருக்கும், ஒரு கால் போனதால்தான் மற்றவையும் சாய்கின்றன என்று அவளுக்குள் ஒரு எண்ணம் வேர்விட்டிருந்தது. ராத்திரி அப்பாவின் கோணல் முகத்தைப் பார்ப்பாள். எதை எண்ணினாலும் அதில் ஒரு நாயம் இருக்கும் என்று சொன்ன வாய் அது.

போன வருஷம் ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை. ஏழுமணி பஸ் மல்லூர் ஸ்டாப்புக்கு வரும்போதே வழிந்துகொண்டு வந்தது. ஏறுவதற்கு முப்பது பேர் நின்றார்கள். சாலம்மாள் ஒரு காலைப் படியில் வைத்துக் கம்பியைப் பிடித்துவிட்டாள். இன்னொரு கால் தரையில் இருக்கும்போதே யாரோ விசில் அடித்தார்கள். பஸ் நகர்ந்தது. உள்ளே இருந்தவர்கள் இழுக்கப் பார்த்தார்கள்; வெளியே நின்றவர்கள் கத்தினார்கள். பின்சக்கரம் அவள் இடது காலில் ஏறி இறங்கியது. அவள் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க முடியாது என்று பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

நர்மதா போய்ப் பார்த்தபோது சாலம்மாளுக்கு மயக்கம் முழுதாகத் தெளியவில்லை. போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. நர்மதா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகைகூட வரவில்லை. நான்தான், நான்தான் என்று உள்ளே ஒரு குரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று மாதம் அந்தக் குரலோடு இருந்தாள். சோறு இறங்கவில்லை. டைப் அடிக்கும் கடிதங்களில் எண் வந்தால் கை நின்றுவிடும். கடைசியில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். எழுதியே கொடுத்துவிடலாம், அந்தப் புதன்கிழமையை நீக்கிவிட்டுக் கணக்கைத் திரும்பப் பார்த்தால், தெற்கு லைனுக்கு ஒரு வழி பிறந்தாலும் பிறக்கலாம். சாலம்மாளின் கால் திரும்பி வராது. ஆனால் இன்னொருத்தி கால் மிஞ்சும். சேலம் ஆபீஸ் இருந்த மாடியில் இப்போது ஒரு நீட் கோச்சிங் சென்டர் இருந்தது. விசாரித்ததில் ஈஸ்வர் வேலையை விட்டுவிட்டு, சங்ககிரியில் மாமனாரின் லாரிப் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறான் என்று தெரிந்தது.

அப்பாவை ஒரு நாளைக்கு உண்ணாமலையிடம் ஒப்படைத்துவிட்டு நர்மதா சங்ககிரிக்குப் போனாள். பட்டறையில் நாலைந்து லாரிகள் பாடி இல்லாமல் நின்றன. வெல்டிங் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது. ஈஸ்வர் சதை போட்டிருந்தான். அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டு, ஆபீஸ் ரூமுக்குக் கூட்டிப்போய் ஃபேனைப் போட்டான்.

"ஏனுங்க மேடம், இவ்வளவு தூரம்? ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமில்லீங்க?"

அவள் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். உண்ணாமலை வராதது, பால்காரர் ஃபோன், சிமெண்ட் பெஞ்சு, பதினைந்து கட்டம், ஐந்தை நாலாக்கியது. சாலம்மாளின் கால். எழுதி வைத்திருந்த கடிதத்தை மேஜைமேல் வைத்தாள்.

ஈஸ்வர் கடிதத்தைத் தொடவில்லை.

"இதை எத்தனை வருசமா மனசுல வெச்சிருக்கறீங்க?"

"மூணு வருசம் ஆச்சுங்க."

"மேடம், நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தாளை யாரும் பாக்கலீங்க."

அவளுக்குப் புரியவில்லை.

"அச்சுல வந்துச்சே? நானே படிச்சேனே."

"அது பின்னிணைப்புங்க. ஒண்ணு வெக்கோணும்னு வெச்சது. கணக்கு அதுல போடலை. பயணி எத்தனைங்கறதை வேற ஊர் அறிக்கையிலிருந்து ஒரு விகிதத்தை எடுத்து ஜனத்தொகையோட பெருக்கிப் போட்டாங்க. அது உங்களை எண்ண உக்காரவெக்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாலேயே முடிஞ்சிருச்சு. தெக்கு லைனை எடுத்துருங்கன்னு அப்பவே மேலெடத்துல சொல்லிட்டாங்க. எனக்கே அப்பறந்தான் தெரியும்."

"அப்ப எங்களை எதுக்கு எண்ணச் சொன்னீங்க?"

"எண்ணுனோம்னு அறிக்கையில ஒரு வரி வேணுங்க."

வெளியே யாரோ சுத்தியலால் தகட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். நர்மதா தன் விரல்களைப் பார்த்தாள்.

"நான் சரியா எண்ணியிருந்தா?"

"இதேதாங்க."

"ரெண்டு மடங்கு போட்டிருந்தா?"

"அப்பவும் இதேதான். மேடம், அதை உடுங்க. மத்த ரெண்டு லைனையும் போன வாரம் மூடிட்டாங்க. இன்னும் பேப்பர்ல வரலை. என்னோட கூட இருந்தவன் சொன்னான். மொத்தமே இல்லீங்க இப்ப." அவன் குரலை இறக்கினான். "நான் மூணு வருசம் அந்த லைனுக்காகத் தெருத்தெருவா அலைஞ்சேன். எம் பொண்ணுகிட்ட அப்பா ரயில் உடப்போறேன்னு சொல்லி வெச்சிருந்தேன். உங்க மேல தப்பே இல்லை. நிம்மதியாப் போங்க."

நிம்மதியாகப் போங்கள் என்று அவன் மனதாரத்தான் சொன்னான். காபி வாங்கித் தந்து, பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் கொண்டுவந்து விட்டான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த நர்மதாவுக்கு நிம்மதி வரவில்லை. மூன்று வருஷமாக நெஞ்சில் கிடந்த பாறையை எடுத்தாயிற்று. எடுத்த இடத்தில் குழிதான் இருந்தது. அவள் தப்பு செய்தாள் என்றால் அவள் ஒரு ஆள். அவள் எழுதினதால் ஒரு லைன் போயிற்று என்றால், அவள் எழுதியதற்கு ஒரு எடை இருந்தது. சரியாக எழுதிய செவ்வாய்க்கும் வியாழனுக்கும்கூட எடை இருந்தது. இப்போது மூன்று நாளும் ஒன்றுதான். ஒரு பஸ்கூட விடாமல் வெயிலில் உட்கார்ந்து எண்ணியதும், பெஞ்சில் உட்கார்ந்து பொய் எழுதியதும் ஒரே சாக்கில் கட்டிப்போட்ட தாள்கள்.

ஊருக்கு வந்ததும் நேராகச் சாலம்மாள் வீட்டுக்குப் போனாள். சாலம்மாள் கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. நர்மதா தரையில் உட்கார்ந்து ஆதியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். புதன்கிழமையைச் சொன்னபோது சாலம்மாளின் கை கீரையில் நின்றது. ஈஸ்வர் சொன்னதைச் சொன்னபோது அவள் முறத்தைத் தள்ளிவைத்தாள்.

"அப்ப அன்னைக்கி என்னை நீ எழுதலை."

"எழுதலை அக்கா."

"எழுதிட்டேன்னு சொன்னே."

"பொய் சொன்னேன்."

சாலம்மாள் தலையை ஆட்டினாள். கோபம் வரும் என்று நர்மதா காத்திருந்தாள். வந்தால் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். சொல்லப்போனால் அதைத்தான் அவள் கேட்டு வந்திருந்தாள்.

"அது போச்சாது, உடு கண்ணு. அப்பன் உழுந்து கெடக்கறப்ப யாரு பஸ்ஸை எண்ணுவா? நானா இருந்தாலும் ஓடித்தான் வந்திருப்பேன்." சாலம்மாள் கட்டில் விளிம்பைத் தடவினாள். "நீ எழுதியிருந்தாலும் வந்திருக்காதுங்கறயா?"

"வந்திருக்காதுங்கறாரு."

"நெசமா?"

"நெசந்தான் அக்கா."

"நான் தெனமும் கைய ஆட்டிட்டுப் போனேனே. மூணு நாள்ல ரெண்டு நாளு. அந்தப் பஸ்ஸுல இருந்த பொம்பளைங்க எல்லாரையும் ஆட்டச் சொன்னேன். நம்மளை எண்ணறாங்க, எண்ணறாங்கன்னு." அவள் நர்மதா பக்கம் குனிந்தாள். "அப்பறம் என்னத்துக்குடி எண்ணுனீங்க?"

அறிக்கையில் ஒரு வரி வேண்டும் என்பதற்காக என்று சொல்ல நர்மதாவுக்கு நாக்கு எழவில்லை.

"லைன் வந்திருந்தா இந்தக் கால் இருந்திருக்கும்னு படுத்துட்டு நெனைப்பேன். ஒரு ஆறுதலான நெனைப்பு அது. இன்னம் பத்து வருசத்துல யாருக்காச்சும் வருமின்னு நெனைப்பேன். அதையும் கொண்டாந்து எடுத்துட்டுப் போறயே. இதைச் சொல்லாமயே இருந்திருக்கலாமில்ல நீயி?"

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே, "கொஞ்ச நாளைக்கி வராத கண்ணு. நானே கூப்படறேன்" என்றாள்.

நர்மதா எழுந்து வீட்டுக்குப் போனாள். உண்ணாமலையை அனுப்பிவிட்டு அப்பாவுக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். சங்ககிரியில் நடந்ததை அவரிடமும் சொல்ல வேண்டும்போல இருந்தது. அவர் கண் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு எவ்வளவு புரிகிறது என்று டாக்டருக்கே தெரியாது. அவள் சொல்லவில்லை. வாயோரம் வழிந்த சோற்றை வழித்து உள்ளே தள்ளினாள்.

நாற்பது நாள் சாலம்மாள் கூப்பிடவில்லை. அதற்குள் மெட்ரோத் திட்டம் கைவிடப்பட்டது என்று பேப்பரில் நாலு வரி வந்தது. மல்லூரில் யாரும் அதைப் பேசவில்லை. ஏற்கெனவே மறந்திருந்தார்கள்.

மார்கழி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை சாலம்மாள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி அனுப்பினாள். செயற்கைக் காலுக்கு அளவெடுக்கச் சேலம் பெரியாஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், பதினோரு மணிக்குள் போக வேண்டும், மகனுக்கு லீவு கிடைக்கவில்லை, கூட வர முடியுமா என்று. நர்மதா கடைக்குச் சொல்லிவிட்டு ஓடினாள். சாலம்மாள் நல்ல சேலை கட்டி, தலைவாரி, ஊன்றுகோலோடு தயாராக நின்றாள். இருவரும் பழையதைப் பேசவில்லை.

எட்டு மணிக்கே ஸ்டாப்புக்கு வந்துவிட்டார்கள். முதல் பஸ் நிற்கவே இல்லை. இரண்டாவது பஸ் தள்ளிப்போய் நின்றது. நர்மதா சாலம்மாளைத் தாங்கிக்கொண்டு போவதற்குள் கூட்டம் ஏறி, பஸ் போய்விட்டது. மூன்றாவதில் படிக்கட்டுவரை போனார்கள். "இந்தக் கூட்டத்துல எங்கம்மா நிப்பீங்க? பின்னால வண்டி காலியா வருது, அதுல வாங்க" என்று கண்டக்டர் நல்ல விதமாகத்தான் சொன்னார். பின்னால் வந்ததும் காலியாக இல்லை. நர்மதா ஆட்டோ பிடித்துவரப் போனாள். ஸ்டாண்டில் இருந்ததெல்லாம் பள்ளிக்கூடச் சவாரி போயிருந்தன. ஒரே ஒரு ஆட்டோக்காரர் இருந்தார். ரவுண்டானாவில் பாலம் வேலை, பதினோரு மணிக்கு முன்னால் தாண்ட முடியாது என்று கையை விரித்தார். அவள் திரும்பி வந்தபோது இன்னொரு பஸ் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. சாலம்மாள் ஏறப் பார்த்திருக்கிறாள். ஊன்றுகோல் கீழே கிடந்தது. யாரோ அதை எடுத்துக் கொடுத்தார்கள்.

"அடிபட்டுச்சா அக்கா?"

"இல்லை. பயந்துட்டேன். கம்பியைப் பிடிச்சதும் கை தானா உட்டுருச்சு."

பத்தே முக்கால் ஆகியிருந்தது. வெயில் ஏறிவிட்டது. சாலம்மாளின் உதடு காய்ந்திருந்தது. நர்மதா தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தாள். இரண்டு வாய் குடித்துவிட்டு அவள் ரோட்டைப் பார்த்தாள். சேலத்துப் பக்கம் போகிற லாரிகளும் கார்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன.

"அடுத்த மாசம் கூப்புடுவாங்க அக்கா" என்றாள் நர்மதா. "அன்னைக்கி வெடியறதுக்கு முந்தியே வந்து நின்னுக்கலாம்."

"வேண்டாம் கண்ணு."

"ஏன் அக்கா?"

"கால் வந்தா மறுபடி இந்த பஸ்ஸுலதான ஏறோணும்."

அவள் ஊன்றுகோலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினாள். நர்மதா அவள் பையை வாங்கிக்கொண்டு, நிழல் இருந்த ஓரத்தை அவளுக்கு விட்டுவிட்டு, வெயிலில் கூடவே நடந்தாள்.